காமர்ஸ் குரூப்பில் படித்தவர் உயிரியல் படிக்கக் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் உங்கள் கல்விப் பக்கத்தில், அமெரிக்காவில் இருக்கும் இரண்டு வருட அசோசியேட் பட்டம் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். "அது முழுப் பட்டம் அல்ல, இந்தியாவில் இளநிலைப் பட்டத்துக்கு ஈடாகாது, தவிர்ப்பது நல்லது" என்று மூன்றே வரியில் பதில் வந்திருந்தது. அதில் முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் கலிஃபோர்னியாவில் ஒரு சின்னக் கல்லூரியில் அந்தப் பட்டத்தை உயிரியலில் முடித்துவிட்டு, இப்போது ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் அதே பாடத்தில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருப்பவள் நான். தவிர்ப்பதா வேண்டாமா என்பது யார் கேட்கிறார், எந்த நிலையில் இருந்து கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத அனுமதியுங்கள்.

முதலில், அது என்ன படிப்பு என்று சொல்லிவிடுகிறேன். நம்மூரில் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் போய்ச் சேர்கிறாரே, கிட்டத்தட்ட அந்த ஏற்பாடுதான். நான்கு வருட இளநிலைப் பட்டத்தின் முதல் இரண்டு வருடப் பாடங்களை, சுமார் 60 யூனிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு), கம்யூனிட்டி காலேஜ் என்கிற சமுதாயக் கல்லூரியில் படிக்கலாம். முடித்தால் அசோசியேட் பட்டம். அதோடு நிறுத்திக்கொண்டு வேலைக்கும் போகலாம், இல்லையென்றால் பல்கலைக்கழகத்துக்கு மாறி மூன்றாம் ஆண்டில் சேர்ந்து மிச்சத்தை முடிக்கலாம். இது நேற்று முளைத்ததும் இல்லை. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் ஊரில் 1901ல் ஆறு மாணவர்களோடு ஆரம்பித்த அரசுக் கல்லூரி இன்றும் நடக்கிறது. கலிஃபோர்னியாவில் மட்டும் இப்படி நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. 1960ல் அந்த மாநிலம் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் போட்டது. பள்ளி முடிப்பவர்களில் மேல்வரிசையில் எட்டில் ஒரு பங்கு பேர் யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவுக்கு, மூன்றில் ஒரு பங்கு பேர் மாநிலக் கல்லூரிகளுக்கு, மற்றபடி படிக்க விரும்பும் யாருக்கும் சமுதாயக் கல்லூரி, அங்கிருந்து மேலே போக வழி. "யாருக்கும்" என்று எழுதிவிட்டு அதன்படியே நடக்கவும் செய்கிறார்கள். 18 வயது ஆகியிருந்தால் சேரலாம். நுழைவுத் தேர்வு கிடையாது, கட்-ஆஃப் கிடையாது, எந்த குரூப்பில் படித்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் கடைசி வரி எனக்கு எவ்வளவு பெரியது என்பது நம்மூரில் படித்தவர்களுக்குப் புரியும். சிவகங்கை மாவட்டத்தில் நான் படித்த பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் இருந்தது காமர்ஸ் குரூப்பும் தொழிற்கல்விப் பிரிவும்தான். சயின்ஸ் குரூப் வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், அதற்கு வீட்டில் அனுமதி இல்லை. பத்தாம் வகுப்பு வரை அறிவியலில் வகுப்பில் முதலாவதாக வந்தவள் அடுத்த இரண்டு வருடம் பற்று-வரவு எழுதினேன், அப்புறம் பி.காம்., அப்புறம் ஒரு ஆடிட்டர் அலுவலகம், அப்புறம் கல்யாணம், அப்புறம் கணவரோடு, வேலை விசாவில் வருபவரின் குடும்பத்துக்குக் கொடுக்கும் ஹெச்-4 விசாவில் கலிஃபோர்னியா. காமர்ஸ் மட்டமான படிப்பு என்று நான் சொல்லவில்லை, அந்தக் கணக்குப் பதிவு இன்றைக்கும் எனக்குச் சோறு போடும் என்று தெரியும். ஆனால் பதினைந்து வயதில், பக்கத்துப் பள்ளியில் எந்த குரூப் இருந்தது என்பதை வைத்து, ஆயுசுக்கும் நான் எதைப் படிக்கலாம் எதைப் படிக்கக் கூடாது என்று முடிவாகிவிட்டது. அதன்பிறகு ஒரு தாவரவியல் பி.எஸ்சி.க்குக்கூட என்னால் விண்ணப்பிக்க முடியவில்லை. பிளஸ் டூவில் உயிரியல் உண்டா என்பதுதான் முதல் கேள்வி, இல்லையென்றால் அதுவே கடைசிக் கேள்வியும்.

கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் பாதாம் தோட்டங்களுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர்க் கல்லூரியில் நான் போய்க் கேட்டபோது, கவுன்ட்டரில் இருந்த பெண் என் பி.காம். சான்றிதழைப் பார்க்கவே இல்லை. எந்தப் பாடம் வேண்டும், பகலா மாலையா என்று மட்டும் கேட்டார். மாநிலத்தில் ஒரு வருடத்துக்கு மேல் வசித்தவர் என்று காட்டிவிட்டால் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். ஹெச்-4 விசாவில் இருப்பவர்களும் அந்த வசிப்பிடத் தகுதியைப் பெறலாம், இது பலருக்குத் தெரிவதில்லை, தெரியாமலே வெளிநாட்டு மாணவர் கட்டணத்தைக் கட்டிவிடுகிறவர்களும் உண்டு. 60 யூனிட்டுக்குக் கணக்குப் போட்டால் 2,760 டாலர். உடல்நலக் கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம், புத்தகம் எல்லாம் தனி. புத்தகம்தான் வயிற்றைக் கலக்கும், ஒன்றே 200 டாலர் வரை போகும். நல்லவேளையாக எங்கள் ஆசிரியை ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கும் உயிரியல் பாடநூலையே பாடத்துக்கு வைத்தார். தமிழ்நாட்டில் இருந்தும் யார் வேண்டுமானாலும் அதை இறக்கிப் படிக்கலாம், ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்றாலும் எளிய ஆங்கிலம்.

வகுப்பில் இருந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் மெக்சிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள், லாவோஸில் இருந்து வந்த மாங் இனத்தவரின் பேரப்பிள்ளைகள், பள்ளத்தாக்கில் பல தலைமுறையாக விவசாயம் பார்க்கும் பஞ்சாபிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, ராணுவத்தில் இருந்து வந்து அரசு உதவியில் படிக்கும் ஒருவர், இரவு ஷிப்ட் முடித்து நேராக வகுப்புக்கு வந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டு உட்காரும் நர்ஸிங் உதவியாளர்கள். முப்பது வயதைத் தாண்டியவள் என்று நான் யாருக்கும் வேடிக்கையாகத் தெரியவில்லை. பலர் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவர்கள்தான். ஒருவர் வராவிட்டால் மற்றவர் குறிப்பெடுத்துக் கொடுப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆசிரியைக்கு விளக்க வேண்டியதே இல்லை.

இனி பாடம். இதைத்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன், ஏனென்றால் "இரண்டு வருடக் கல்லூரி" என்றதும் நம் மக்கள் நினைப்பது, ஏதோ சான்றிதழ் கோர்ஸ், பாதிப் பாடம், மட்டமான ஆய்வகம் என்று. அப்படி இல்லை. உயிரியலை முதன்மையாக எடுப்பவருக்கு ஒரு பருவம் செல்லும் மூலக்கூறும், இன்னொரு பருவம் தாவரம், விலங்கு, பரிணாமம், சூழலியல். கூடவே பொது வேதியியல் இரண்டு பருவம், முடிந்தால் கரிம வேதியியல், கால்குலஸ், புள்ளியியல், இயற்பியல். பல்கலைக்கழகத்தில் முதலிரண்டு வருடம் படிப்பவர் படிக்கும் அதே பாடத்திட்டம்தான், அப்படி இருந்தால்தான் யூனிட்டுகளை அங்கே ஏற்றுக்கொள்வார்கள்.

ஆனால் சொல்லிக்கொடுக்கும் விதம் வேறு. சின்னக் கல்லூரியில் காலையில் பாடம் நடத்தியவரே மத்தியானம் ஆய்வகத்தில் உங்கள் பக்கத்தில் நிற்பார். 24 பேருக்கு மேல் ஆய்வகத்தில் சேர்க்க மாட்டார்கள். எங்கள் ஆசிரியை பூஞ்சைகளில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவருடைய வேலை ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவது அல்ல, எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, அதற்குத்தான் சம்பளம். இப்போது நான் இருக்கும் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு உயிரியல் வகுப்பு ஒரு பெரிய அரங்கத்தில் நடக்கிறது, நூற்றுக்கணக்கானவர் உட்கார்ந்திருப்பார்கள், ஆய்வகத்தை மேற்படிப்பு மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, நல்ல பிள்ளைகள்தான். ஆனால் மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்து எடுக்கும் மைக்ரோபிப்பெட்டை முதல் முறை கையில் எடுக்கும் ஆளுக்கு எது நல்லது என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை.

டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துப் பார்க்கும் ஜெல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். கடல்பாசியில் இருந்து எடுக்கும் அகரோஸ் பொடியைக் கரைசலில் கலந்து மைக்ரோவேவில் காய்ச்சி, தட்டில் ஊற்றி, ஆறுவதற்குள் ஒரு பிளாஸ்டிக் சீப்பைச் செருகி வைக்க வேண்டும். உறைந்ததும் சீப்பை நேர்மேலாக உருவினால் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். தட்டை அப்படியே கரைசலுக்குள் மூழ்கவைத்து, நீலச் சாயம் கலந்த டி.என்.ஏ.வில் பத்து மைக்ரோலிட்டரை ஒரு குழிக்குள் இறக்க வேண்டும். ஒரு சொட்டில் பாதிகூட இருக்காது. தண்ணீருக்குள் இருக்கும் குழி சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. பிப்பெட் முனை ஆழமாகப் போனால் ஜெல் ஓட்டையாகிவிடும், மேலேயே நின்றுவிட்டால் சாயம் பக்கத்துக் குழிக்குப் போய்விடும். சாயத்தில் கிளிசரால் இருப்பதால் அது கனமாக, தானாகவே குழிக்குள் இறங்கும், நாம் அவசரப்படாமல் இருந்தால் போதும். எனக்குக் கை நடுங்கியது. ஆசிரியை பக்கத்தில் வந்து, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள், மற்ற கையால் பிப்பெட்டுக்கு முட்டுக் கொடு, மூச்சை விட்டுக்கொண்டே கட்டைவிரலை அழுத்து என்றார். நீலம் குழிக்குள் இறங்கி அடியில் படிந்தது. அடுத்து மின்சாரம் கொடுக்கப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தி, சிவப்பு ஒயர் எந்தப் பக்கம், ஏன் என்று கேட்டார். டி.என்.ஏ.வுக்கு எதிர் மின்னேற்றம், அதனால் நேர்முனையைப் பார்த்து ஓடும், குழிகள் எதிர்முனைப் பக்கம் இருக்க வேண்டும், மாற்றிக் கொடுத்தால் எல்லாம் ஜெல்லை விட்டு வெளியே ஓடிவிடும். இதையெல்லாம் நான் சொல்லி முடித்த பிறகுதான் சுவிட்சைப் போட விட்டார். புத்தகத்தில் இது ஒரே வரி. கையால் செய்தபோதுதான் அந்த வரியில் எத்தனை காரணங்கள் இருக்கின்றன என்று தெரிந்தது.

எங்கள் ஆய்வக நோட்டுகளை அவரேதான் திருத்துவார். மார்க்கை விட ஓரத்தில் அவர் எழுதும் கேள்விகள்தான் அதிகம் இருக்கும். "உனக்கு எப்படித் தெரியும்?" என்பதுதான் அவர் அதிகம் எழுதியது. வெங்காய வேர் நுனியைச் சாயமேற்றி நசுக்கிப் பார்த்து, இது செல் பிரிவின் இந்த நிலை என்று நான் எழுதினால், பக்கத்தில் அந்தக் கேள்வி இருக்கும். குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நின்றன, அதனால் என்று எழுத வேண்டும். மனப்பாடம் செய்தே பத்தாம் வகுப்பு வரை முதல் மார்க் வாங்கியவளுக்கு இது புதுசு. ஆய்வகத் தேர்வும் அப்படித்தான், மேசைக்கு மேசை நகர வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்லைடு அல்லது குண்டூசி குத்திய ஒரு மாதிரி, ஒன்றிரண்டு நிமிடம், மணி அடித்தால் அடுத்தது. சைவக் குடும்பத்துப் பெற்றோர் என்னிடம் கேட்பதால் இதையும் சொல்கிறேன்: ஆட்டு இதயம், பன்றிக் கரு எல்லாம் அறுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். வேண்டாம் என்றால் மாற்று ஏற்பாடு உண்டா என்று சேரும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

வசந்தக் குட்டைகள் என்று எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு விஷயம் உண்டு. மெர்செட் பக்கம் புல்வெளிகளில் மண்ணுக்கு அடியில் தண்ணீர் இறங்காத கெட்டியான ஒரு படலம் இருக்கிறது. குளிர்கால மழையில் பள்ளங்களில் தண்ணீர் தேங்கும், மே மாதத்துக்குள் வற்றிவிடும், வற்றும்போது குட்டையின் ஓரத்தில் வளையம் வளையமாக மஞ்சள் பூ பூக்கும். அங்கே எங்களைக் களப்பயிற்சிக்குக் கூட்டிப்போனார்கள். வலையால் அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தால், கண்ணாடி மாதிரி உடம்போடு, மல்லாந்தபடியே நீந்தும் தேவதை இறால்கள். அவற்றின் முட்டைகள் காய்ந்த மண்ணில் வருடக்கணக்காகக் கிடந்து, மழை வந்ததும் பொரிக்கும். சில இனங்களை 1994ல் அமெரிக்க அரசு பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்த்தது. 2005ல் திறந்த மெர்செட் பல்கலைக்கழக வளாகத்தின் திட்டத்தையே இந்தக் குட்டைகளுக்காக மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. இதே வகை உயிர்கள் நம் தென்னிந்திய மழைக்குட்டைகளிலும் இருக்கின்றன. சின்ன வயதில் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில், முதல் மழைக்குப் பின் தேங்கும் தண்ணீரில் இதுபோல நெளிவதைக் குனிந்து குனிந்து பார்த்திருக்கிறேன். அது என்ன என்று சொல்ல ஆள் இருந்ததில்லை. அந்த வெள்ளைத் தட்டைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமும் கோபமும் சேர்ந்தே வந்தது என்பதை மறைக்கவில்லை. இதைத் தெரிந்துகொள்ள நான் ஏன் இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது?

சரி, நல்லதை மட்டும் சொன்னால் வாசகரை ஏமாற்றியது ஆகும். முதல் சிக்கல், பாடத் தேர்வு. ஒரே கல்லூரியில் உயிரியல் என்ற பெயரில் இரண்டு வகை வகுப்புகள் நடக்கும், ஒன்று பொது அறிவுக்காக எல்லாரும் எடுப்பது, இன்னொன்று உயிரியலை முதன்மையாகப் படிப்பவர்களுக்கு. முதல் வகை எவ்வளவு நன்றாக இருந்தாலும் உயிரியல் பட்டத்துக்குக் கணக்கில் வராது. என்னிடம் ஒரு ஆலோசகர், முதலில் சுலபமானதை எடுங்கள் என்று முதல் வகையையே எழுதிக்கொடுத்தார். ஆசிரியை தற்செயலாகப் பட்டியலைப் பார்த்துக் கேட்டிருக்காவிட்டால் ஒரு பருவம் வீணாகியிருக்கும். என்னோடு படித்த சிலருக்கு வீணாகவே போனது. கலிஃபோர்னியாவில் அசிஸ்ட் என்று ஒரு இணையதளம் இருக்கிறது, எந்தக் கல்லூரியின் எந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் எதற்கு ஈடாக ஏற்கும் என்று அதில் வரிக்கு வரி இருக்கும். ஆலோசகர் சொல்வதைக் கேட்பதற்கு முன் அதைப் பார்த்துவிட வேண்டும். யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவின் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களும் குறிப்பிட்ட பாடங்களும் மதிப்பெண்ணும் இருந்தால் இடம் உறுதி என்று முன்கூட்டியே எழுதிக்கொடுக்கின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோவுக்கு அந்த உறுதி கிடையாது, போட்டி போட்டுத்தான் சேர வேண்டும்.

இரண்டாவது சிக்கல் சின்னக் கல்லூரி என்பதாலேயே வருவது. கரிம வேதியியல் வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். ஆள் குறைந்தால் வகுப்பையே ரத்து செய்துவிடுவார்கள். அப்போது ஐம்பது மைல் தள்ளி இருக்கும் கல்லூரிக்கு ஓட வேண்டும் அல்லது ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். இரண்டு வருடம் என்பது பலருக்கு மூன்றாகிவிடுகிறது, வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு நான்கும் ஆகும். மாநிலத் தணிக்கையாளர் 2024ல் கொடுத்த அறிக்கையைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும் என்ற எண்ணத்தோடு சேர்ந்தவர்களில் நான்கு வருடத்துக்குள் மாறியவர் சுமார் ஐந்தில் ஒருவர்தான். கதவு திறந்திருக்கிறது என்பதற்காக எல்லாரும் மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள் என்று அர்த்தமில்லை. என்னோடு முதல் பருவத்தில் இருந்த அந்த நர்ஸிங் உதவியாளர்களில் இரண்டு பேர் படிப்பை நிறுத்தியது கட்டணம் கட்ட முடியாமல் அல்ல, நேரம் கிடைக்காமல்தான்.

தமிழ்நாட்டில் இருந்து பிளஸ் டூ முடித்து எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இதற்காகவே வர நினைக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் மூன்று வரி பதில் பெரும்பாலும் பொருந்தும், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். வெளிநாட்டு மாணவருக்கு யூனிட்டுக்கு 300 டாலருக்கு மேல் வாங்கும் கல்லூரிகள்தான் அதிகம், 60 யூனிட்டுக்கு 18,000 டாலரைத் தாண்டும், வாடகையும் சாப்பாடும் அதற்கு மேல். முழு நேர மாணவராகப் பருவத்துக்கு 12 யூனிட் எடுத்தே ஆக வேண்டும், வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம், சின்ன ஊர்களில் அந்த வேலையே கிடைக்காது. அசோசியேட் பட்டத்தை வைத்து ஓபிடி என்கிற, படித்த துறையில் ஒரு வருடம் வேலை பார்க்கும் அனுமதி கிடைக்கும், ஆனால் அறிவியல் படித்தவர்களுக்குக் கொடுக்கும் கூடுதல் 24 மாதம் இளநிலைப் பட்டமோ அதற்கு மேலோ முடித்தவர்களுக்கு மட்டும்தான். நிலத்தை அடமானம் வைத்து இதற்கு வரத் தேவையில்லை. டாக்டர் ஆகலாம் என்ற நினைப்பில் வருவதும் வேண்டாம். அமெரிக்காவில் மருத்துவம் இளநிலைப் பட்டத்துக்குப் பிறகுதான், வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் மருத்துவக் கல்லூரிகள் மிகக் குறைவு.

ஆனால் ஏற்கெனவே இங்கே குடும்பத்தோடு இருப்பவர்கள் வேறு. என்னைப் போல விசாவில் வந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்கள், இங்கேயே பள்ளி முடித்த பிள்ளைகள், இவர்களிடம் நம் சமூகம் இந்தக் கல்லூரிகளைப் பற்றிப் பேசும் விதம்தான் என்னை எழுத வைத்தது. பொங்கல் விழாவில் யார் பிள்ளை எங்கே படிக்கிறது என்று பேச்சு வரும்போது, கம்யூனிட்டி காலேஜ் என்று சொல்லும் அம்மாவின் குரல் இறங்கிவிடும். சிலர் சொல்லாமலே பேச்சை மாற்றிவிடுவார்கள். மனித மரபணுத் தொகுப்பின் முதல் வரைவை 2000ஆம் ஆண்டில் வெள்ளை மாளிகையில் அறிவித்தபோது அங்கே நின்ற அறிவியலாளர் கிரேக் வெண்டர், வியட்நாம் போரில் இருந்து திரும்பி முதலில் போய்ச் சேர்ந்தது சான் மட்டேயோவில் இருக்கும் ஒரு சமுதாயக் கல்லூரியில்தான், அங்கிருந்துதான் யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவின் சான் டியாகோ வளாகத்துக்கு மாறினார். நர்ஸிங்கில் இரண்டு வருடப் பட்டம் வாங்கியவரும் நான்கு வருடப் பட்டம் வாங்கியவரும் எழுதும் உரிமத் தேர்வு ஒன்றேதான். இதில் குரலை இறக்கிச் சொல்ல என்ன இருக்கிறது?

இப்போது உங்கள் நாளிதழ் வழியாக நான் கேட்க நினைப்பது தமிழ்நாட்டைப் பற்றி. கலிஃபோர்னியாவின் பணம் நம்மிடம் இல்லை என்று பதில் வரும் என்று தெரியும். நான் கேட்பதற்குப் பெரிய பணம் வேண்டாம். டிப்ளமோ படித்தவரை பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்க்கும் மனசு நமக்குப் பல வருடமாக இருக்கிறதே, அது பொறியியலுக்கு மட்டும் ஏன்? காமர்ஸ் குரூப்பிலோ தொழிற்கல்வியிலோ படித்தவர், எந்த வயதானாலும், ஒரு வருட இணைப்புப் படிப்பில் பிளஸ் டூ அளவு உயிரியலும் வேதியியலும் ஆய்வகத்தோடு படித்துத் தேறினால் பி.எஸ்சி. தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல் சேரலாம் என்று ஒரு விதி போதும். அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் சனி ஞாயிறில் ஆய்வகங்கள் பூட்டித்தான் கிடக்கின்றன, மைக்ரோஸ்கோப்புகள் உறைக்குள் இருக்கின்றன. தகுதித் தேர்வு எழுதிவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் முனைவர் பட்டக்காரர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நீட் எழுதத்தான் உயிரியல் என்று ஆகிப்போன நம் வீடுகளில், டாக்டர் சீட்டுக்காக இல்லாமல் உயிரியலைப் படிக்க ஆசைப்படுபவர் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்கலாம். வகுப்பைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். என் அனுபவத்தில் வருபவர்களில் பாதிப்பேர் பெண்களாக இருப்பார்கள், அதிலும் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருபவர்கள்.

படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: பால் பண்ணைத் தர ஆய்வகம், குடிநீர்ப் பரிசோதனை, விதைப் பரிசோதனை, மருத்துவமனை ஆய்வகம், கொசு ஒழிப்பு என்று இரண்டு நாட்டிலும் ஆள் தேவைப்படும் இடங்கள் உண்டு. எங்கள் பள்ளத்தாக்கில் வெஸ்ட் நைல் காய்ச்சலுக்காகக் கொசுக்களைப் பிடித்து இனம் பிரித்து எண்ணும் வேலைக்கு, என்னோடு அசோசியேட் முடித்த ஒருவர் போயிருக்கிறார். டெங்கு வரும் நம் ஊரிலும் அந்த வேலை தெரிந்தவர்கள் தேவைதானே?

உயர்கல்வித் துறையிடம் இந்த இணைப்புப் படிப்பைப் பற்றி உங்கள் நிருபர்கள் ஒரு முறை கேட்டு, கிடைக்கும் பதிலைப் போட்டால் நன்றியாக இருக்கும். எல்லாக் கல்லூரியிலும் வேண்டாம், அடுத்த சேர்க்கைக்கு ஒரே ஒரு அரசுக் கல்லூரியில் இருபது, இருபத்தைந்து பேரோடு தொடங்கினால் போதும். அது சிவகங்கை மாவட்டமாக இருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மத்தியப் பள்ளத்தாக்கு, கலிஃபோர்னியா